அம்மாவைக் கொண்டுபோன காட்டுத் திராட்சை

நம்மில் பாதிப் பேருக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, மீதிப் பேர் சாயம் பூசிக்கொள்கிறோம். டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் அப்பாக்களின் டெலிகாம் வேலையை நம்பி வளர்ந்த பிள்ளைகளான நம்முடைய வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. ஓடையோரக் கம்பிவேலி, அதை மூடிப் படர்ந்திருக்கும் காட்டுத் திராட்சைக் கொடி. ‘மஸ்டாங் ஆன்ட்டியை ஞாபகம் இருக்கா? வாட் எ லேடி!’ என்று கீழே ஒருத்தி எழுதியிருந்தாள். வரிசையாக இதயங்கள் விழுந்தன. நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சிலர் தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஆன்ட்டியின் மேல் பொறாமை. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, குறைந்தபாடில்லை.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் உங்களுக்கு மறந்திருக்காது. நம் தமிழ்ச் சபை கூடிய அமெரிக்கச் சர்ச் ஹாலுக்குள் ஒரு சொட்டு ஒயின் வரக்கூடாது என்பது விதி. அதனால் கேரல் பாடி முடித்த கையோடு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். நாகர்கோவில் பக்கத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் ஒயின் போடாமல் கிறிஸ்துமஸ் இல்லை. அம்மா கடையில் கறுப்புத் திராட்சை வாங்கிக் கையால் பிசைவாள். சீனி, கோதுமை, கிராம்பு, பட்டை எல்லாம் சேர்த்து, ஊரிலிருந்து விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பீங்கான் பரணியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டிவைப்பாள். காலையில் மரக்கரண்டியால் அதைக் கிண்டிவிடுவது என் வேலை. வேறு யாரையும் நான் தொடவிட மாட்டேன். பெரியவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பையில், நமக்குப் பாட்டில் மூடியில் ஒரு வாய். இருமல் மருந்து மாதிரி இனிக்கும். முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே இன்னொரு மூடி கேட்டு அழுதது யார் யார் என்று எனக்குப் பட்டியலே தெரியும்.

அம்மா ஊரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். இங்கே அப்பாவின் விசாவை ஒட்டிக்கொண்டு வந்ததால் வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டவும் தெரியாது. வாரம் முழுக்க அவளை யாரும் எதற்கும் தேட மாட்டார்கள். டிசம்பரில் மட்டும் தேடுவார்கள். “ஒயின்னா அது அக்கா வீட்டு ஒயின்தான்” என்று யாராவது சொல்ல, அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அம்மாவுக்கு அந்த ஊரில் இருந்த ஒரே பெயர் அதுதான், அந்தப் பெயரில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அது கைவிட்டுப் போனபோது எனக்கு அப்படி எரிந்தது.

ஆன்ட்டி எங்கள் டூப்ளெக்ஸ் வரிசைக்கு எதிர்ச்சாரியில் குடிவந்தார். தேனிப் பக்கம் கம்பத்துக்காரர், கைக்குழந்தைக்காரர். அவருடைய கணவரும் டெலிகாம்தான், எந்நேரமும் ஆபீஸ்தான். ஆன்ட்டியின் அப்பாவுக்கு ஊரில் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் இருந்ததாம். அதை நம் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, கேள்விப்படாதவர்களைத் தேடிப்பிடித்தும் சொன்னார். வந்த கோடையிலேயே ஓடையோர வேலியில் காட்டுக் கொடியைக் கண்டுபிடித்துவிட்டார். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். பழம் கறுப்பு, தோல் தடிமன், உள்ளே வழுவழுவென்று ஒரு கோழை. வாயில் போட்டால் புளிப்பு உச்சந்தலைக்கு ஏறும். சாறு பட்டால் கை தடித்து அரிக்கும். டெக்சாஸ்காரர்கள் இதற்கு மஸ்டாங் என்று பெயர் வைத்திருந்தார்கள். அடக்க முடியாத குதிரைக்கும் அதே பெயர்தான் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்குத் தெரியும்.

புல் வெட்டுகிறவர் ஒரு நாள் மெஷினோடு வேலிக்கு வந்துவிட்டார். ஆன்ட்டி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார். நாம் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தோம்.

“நோ கட்! ப்ளீஸ், நோ கட்!”

“லேடி, தட்ஸ் எ வீட்,” என்றார் அவர், களையைப் போய்க் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்கிற முகத்தோடு.

“வீட் ஓகே. மை வீட்!”

நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அந்த மனிதர் மெஷினை அணைத்துவிட்டார். அடுத்த தடவை வந்தபோது வேலியைச் சுற்றிவிட்டுப் போனார், ஆன்ட்டி கொடுத்த எலுமிச்சம்பழச் சோற்றை டிரக்கில் உட்கார்ந்து சாப்பிட்டார். இப்படி யாரையும் வளைத்துப் போடுகிற ஆள். எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

கடைத் திராட்சையில் போட்டால் என்ன என்று அம்மாகூட ஒரு தடவை கேட்டாள்.

“கடைப் பழம் எந்த மண்ணுன்னு யாருக்குக்கா தெரியும்?” என்றார் ஆன்ட்டி. “இது இங்கனயே பொறந்தது. யாரும் தண்ணி ஊத்தல, யாரும் சீண்டல. இதுல ஒயின் எடுத்தாத்தான் ஒயினு. இல்லேன்னா எதுக்கு மெனக்கெடணும், கடையில போயி பாட்டிலு வாங்கிட்டுப் போகலாம்ல?”

பெரிய பேச்சு. அந்த வருஷம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று நம் அப்பாக்கள் பயந்துகொண்டிருந்த கிறிஸ்துமஸ். ஆன்ட்டி தன் பாட்டிலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பளபளவென்று ஊதாக் கறுப்பு நிறம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். ஒரு அங்கிள் பாத்ரூமுக்கு ஓடினார். இன்னொருவர் கோப்பையைப் பூந்தொட்டியில் கவிழ்த்ததை நான் பார்த்தேன். அப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “பேட்டரித் தண்ணி தோத்துப்போகும்,” என்றார். வீடே சிரித்தது. ஆன்ட்டியும் சிரித்தார், அதுதான் எனக்கு ஏமாற்றம். ஆனாலும் அன்றைக்கு மாதிரி நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் கெடுத்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு பலகாரமும் ஒயினும் கொடுத்தனுப்பினால், வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். ஆன்ட்டி எங்கள் பாட்டிலை அந்தக் காட்டு ஒயினால் நிரப்பித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொட்டிவிடலாம் என்று நான் கையிலெடுத்தேன். அம்மா வாங்கி, டீ கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, சிங்க் பக்கத்தில் நின்றபடியே குடித்தாள். முகம் கோணியது. நான் சிரிக்கத் தயாரானேன். அவள் இன்னொரு வாய் குடித்தாள். பிறகு ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டில் கேபினட்டின் உள்பக்கமாகப் போய்விட்டது, அடுத்த வாரம் பார்த்தபோது காலி.

அடுத்த கோடையில் அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். “ஒரு எட்டுப் போயிட்டு வாறேன் மக்களே,” என்று என்னிடம் சொல்வாள். அந்த ஒரு எட்டு பொழுது சாயும்வரை நீளும். நான் டிவி முன்னால் உட்கார்ந்து எரிந்துகொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் பின்னாலேயே போனேன். காராஜ் கதவு பாதி தூக்கியிருந்தது. உள்ளே இருவரும் தரையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு பழம் பிழிந்துகொண்டிருந்தார்கள். கார் ஸீட்டில் குழந்தை. அம்மா ஒரு காலை நீட்டி அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் ஊதாச் சாறு. இருவருக்கும் நடுவில் பெரிய சண்டை வேறு.

“சீனி இல்லாம எப்படிப் பிள்ளே புளிக்கும்? ஈஸ்ட்டு எதைத் திங்கும்?”

“அது திங்கிற அளவுக்குப் போடுறேன்க்கா. அதுக்கு மேல ஒரு கரண்டி கெடையாது. இனிச்சிருச்சுன்னா இது என்ன பழம்னே தெரியாதுல்ல?”

“தெரிஞ்சுதான் போன வருஷம் எல்லாரும் துப்பினாவ.”

“நீங்க துப்பலையே?”

அம்மா சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிசம்பரில் தலைப்பை இழுத்துவிட்டுச் சிரிப்பாளே, அது இல்லை. வாய் திறந்து, தோள் குலுங்கி, மூச்சு வாங்கும் சிரிப்பு. வீட்டில் நான் அதைக் கேட்டதே கிடையாது. என் ஸ்கூல் ஜோக்குக்கெல்லாம் அவள் “சரி, சாப்பிடு,” என்பாள். ஆன்ட்டி என்னைப் பார்த்துவிட்டு, “வாடி தங்கம், நீயும் கை வையி,” என்றார். “நோ தேங்க்ஸ்,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பின்னால் அம்மா கூப்பிடுவாள் என்று ரோடு தாண்டும்வரை காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

அந்தப் புளிப்பைச் சீனி போட்டு மறைக்கக் கூடாது என்பதில் ஆன்ட்டி பிடித்த பிடியை விடவில்லை. அப்படியானால் அமிலத்தைத்தான் கட்ட வேண்டும் என்று அம்மா யோசித்தாள். கல்லூரியில் விட்டுவந்த வேதியியல் அவளிடம் திரும்பி வந்தது. முட்டை ஓடு சுண்ணாம்புதான், அமிலம் அதைத் தின்று நுரைத்து அடங்கும் என்று கணக்குப் போட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் காலையில் ஆம்லெட், மத்தியானம் முட்டைக் குழம்பு, சாயங்காலம் அவித்த முட்டை.

“நாம என்ன கோழிப் பண்ணையா வச்சிருக்கோம்?” என்று அப்பா கத்தினார்.

“ஓடு வேணும்,” என்றாள் அம்மா.

“எதிர்வீட்டுக்காரி ஒயினுக்கு நான் ஏன் முட்டை திங்கணும்?”

அப்பா கேட்டது நியாயம். ஆனால் அம்மா கழுவிய ஓடுகளை ஓவனில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, எதிர்வீட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு சிட்டிகை போட்டுக் குடித்துப் பார்ப்பது, ஆளுக்கொரு பக்கம் முகத்தைச் சுளிப்பது, மறுபடி ஒரு சிட்டிகை. நான் எங்கள் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். சைக்கிளில் என்னைக் கூப்பிட வந்த உங்களையெல்லாம் வயிற்று வலி என்று சொல்லித் திருப்பி அனுப்பியது அதற்காகத்தான்.

பெரியவர்கள் வேறு மாதிரி கணக்குப் போட்டார்கள். சபையில் ஒரு ஆன்ட்டி என் காதுபட, “பாவம், அந்தப் புதுப்பொண்ணு அக்காவை நல்லா யூஸ் பண்ணிக்கிறா,” என்றார். அப்பா, “நாலு நாள் கூத்து, டிசம்பர் வந்தா தன்னால பரணியை எடுப்பா,” என்றார். நானும் டிசம்பரைத்தான் நம்பியிருந்தேன். நவம்பர் கடைசியில் நன்றிசொல்லும் நாள் விடுமுறை போயிற்று. அம்மா திராட்சை வாங்கச் சொல்லவில்லை. பரணி மேல் தட்டிலேயே இருந்தது. நானே எடுத்துத் துடைத்து அடுப்பு மேடையில் வைத்தேன். மறுநாள் அதில் அம்மா அரிசி கொட்டிவைத்திருந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். நான் வழக்கம்போல் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஊதாக் கறுப்புப் பாட்டிலை எடுத்து வைத்தாள்.

“இந்த வருஷம் நான் ஒயின் போடல. இது இவளுக்க ஒயின்,” என்றாள்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. பூந்தொட்டி அங்கிள் தன்னிச்சையாக ஜன்னலோரம் நகர்ந்தார். ஆன்ட்டி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். அதைப் பார்த்து மகிழ்ந்தேன். கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அன்று நான் செய்த ஜெபம் ஆராதனையில் செய்ததைவிட உருக்கமானது.

யாரும் துப்பவில்லை. பூந்தொட்டி அங்கிள் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இது அதே பழமா?” என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். நானும் ஒரு மூடி குடித்தேன். புளித்தது, ஆனால் கடிக்கவில்லை. மழை விட்ட பிறகு ஓடைக்கரையில் வருமே ஒரு மண்வாசம், அது தொண்டையில் நின்றது. நன்றாகத்தான் இருந்தது. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

பிறகென்ன, பெண்களெல்லாம் ஆன்ட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். “அக்கா இல்லேன்னா இது இந்நேரம் வினிகருங்க,” என்று அவர் அம்மாவைக் காட்டினார். யாரும் திரும்பவில்லை, எல்லோருக்கும் எந்த வேலி, எந்த மாதம் என்று கேட்கிற அவசரம். அம்மா சும்மா மாவுப்பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குள் அவளை இழுத்துப் போனேன்.

“ஒய் டிட் யூ லெட் ஹர் வின்?”

“வின்னா? என்ன வின்னு?”

“எவ்ரிபடி லவ்ட் யுவர் வைன்! இட் வாஸ் யுவர் திங்!”

அம்மா என்னையே பார்த்தாள். “எனக்கு அந்த இனிப்பு ஒயின் பிடிக்கவே செய்யாது மக்களே,” என்றாள். “உங்கப்பாவுக்குப் பிடிக்கும். இவங்களுக்கெல்லாம் பிடிக்கும். வருஷா வருஷம் போட்டேன். நான் ஒரு கோப்பை முழுசாக் குடிச்சு நீ பாத்திருக்கியா?”

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை.

“அவ முத வருஷமே கேட்டா,” என்றாள் அம்மா. “ஏன்க்கா, உங்க ஒயின நீங்களே குடிக்க மாட்டேங்கிறீங்கன்னு.”

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றேன். வருஷக்கணக்கில் ட்ரேயோடு பக்கத்தில் நின்றவள் நான். எனக்குத் தெரியாதது நேற்று வந்த ஒருத்திக்கு ஒரே கிறிஸ்துமஸில் தெரிந்துவிட்டது. ஒயினில் தோற்றதைக்கூட மன்னித்திருப்பேன், இதை எப்படி மன்னிப்பது?

அடுத்த வருஷம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். வசந்தம் வருவதற்குள் டெலிகாம் கம்பெனிகளெல்லாம் ஆட்களை வெளியே அனுப்பத் தொடங்கின. நம்மில் எத்தனை பேர் பள்ளி முடிவதற்கு முன்பே பெட்டி கட்டினோம். ஆன்ட்டியின் கணவருக்கும் வேலை போனது, வேலை போனால் விசாவும் போனது. சோபாவை யாருக்கோ கொடுத்தார்கள். குழந்தையின் தொட்டில் ரோட்டோரம் கிடந்தது. இரண்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளில் அடைத்த ஒயினை மட்டும் ஆன்ட்டியும் அம்மாவும் சேர்ந்து ரோட்டைத் தாண்டி எங்கள் காராஜுக்குத் தூக்கி வந்தார்கள். ஏர்போர்ட் போக வேன் வந்தபோது அம்மா அழவில்லை. “கொடிய வெட்ட விட்டுராதீங்கக்கா,” என்றார் ஆன்ட்டி. “நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள் அம்மா. வேன் மறைந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். அம்மா இனி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் பழம் கறுத்தது. அம்மா தொப்பி வைத்துக்கொண்டு வாளியோடு கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். அவள் ஆச்சரியப்பட்டு, “வெயிலு மக்களே,” என்றாள். போனேன். ஒரு ஜோடி கையுறைதான் இருந்தது, அதை அம்மாவுக்கே கொடுத்துவிட்டேன். முள்ளுச்செடி, கொசு, எறும்பு, எதற்கும் வாய் திறக்கவில்லை. உயரத்தில் இருந்த குலைகளையெல்லாம் வேலியில் ஏறி நானே பறித்தேன். ஆன்ட்டியைவிட நன்றாகப் பறித்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அம்மா ஒரு பழத்தைக் கடித்தாள். கண்ணை இடுக்கி, நாக்கால் உதட்டைத் தடவி, முகமெல்லாம் மலர்ந்து ஏதோ சொல்வதற்காகப் பக்கத்தில் திரும்பினாள். அங்கே நான் நின்றேன்.

“என்னம்மா?” என்று தமிழில் கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல மக்களே,” என்றாள். அடுத்த குலைக்குக் கையை நீட்டினாள்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் பேசுகிற ஃபோன் கார்டின் நம்பரைச் சுரண்டிக்கொண்டு அம்மா காராஜுக்குப் போனாள். நான் அவளுக்கு டீ போட்டு எடுத்துப் போனேன். என் இரண்டு கைகளும் தடித்துச் சிவந்திருந்தன. கதவுக்கு இந்தப் பக்கமே குரல் கேட்டது.

“போன வருஷத்தைவிடச் சின்னது பிள்ளே, தோலு கெட்டி. ஆனா நீ சொல்லுவியே, காதுக்குப் பொறத்தால இழுக்கிற புளிப்பு, அது அப்படியே இருக்கு. கடிச்ச உடனே உன்னைத்தான் தேடினேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து ஆன்ட்டி ஏதோ கேட்டிருக்க வேண்டும். அம்மா சிரித்தாள், தோள் குலுங்கும் அந்தச் சிரிப்பு.

“எனக்க கூட யாரு வருவா? தனியாத்தான் பறிச்சேன்,” என்றாள்.

நான் டீயைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து, அந்த ஊதா நிறம் போவதற்காகச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.